தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? இரண்டாம் படிநிலை அறிவியல் பற்றி ஒரு பார்வை

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? இதை ஓர் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் ஏன் கேட்கணும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. பிள்ளை முதலாம் படிவத்துக்கு வந்ததுமே கொதிநிலை ‘தாகாட் டிடே’ ஆகிவிடுகிறது. மாறி ‘பெம்போலே உபா’ ஆகிவிடுகிறது. இருமொழிப் பாடத்திட்டம் உள்ள பள்ளியென்றால் எல்லாம் ஆங்கிலம். ஆறு வருஷம் தமிழில் மனனம் செய்த கலைச்சொற்களை அதற்குப் பிறகு வகுப்பில் பயன்படுத்த நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பே இல்லை.

அப்படியென்றால் தமிழில் படித்த அறிவியலில் எது மிஞ்சும்? சொற்களை நம்பிப் பயனில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது, அளந்து பார்ப்பது, “அப்படி ஏன் ஆச்சு?” என்று கேட்பது ஆகிய பழக்கங்கள் எந்த மொழிக்குப் போனாலும் கூடவே வரும். வீட்டில் பேசுகிற மொழியிலேயே ஆசிரியரிடம் தயங்காமல் கேள்வி கேட்கக்கூடிய கடைசி மூன்று ஆண்டுகள் இவை. அந்த மூன்று ஆண்டுகளை நாம் எதற்குச் செலவழிக்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கலைத்திட்டம் சொல்வதும் வகுப்பில் நடப்பதும்

முதலில் கலைத்திட்டத்துக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தொடக்கப்பள்ளிக்கான தர அடிப்படையிலான கலைத்திட்டத்தில் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் பன்னிரண்டு உள்ளன. உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல் என்று தொடங்கி கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், பரிசோதனை செய்தல் வரை எல்லாம் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் முதல் தலைப்பே அறிவியல் திறன்தான். தாளில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை அதன் பிறகு வருகிறது. செய்து பழக வேண்டிய திறன், பயிற்சி நூலில் வாய்பாடாக மாறிவிடுகிறது. “இது அதிகரித்தால் அது அதிகரிக்கும்” என்றால் கருதுகோள். “மாற்றியது தற்சார்பு மாறி, அளந்தது சார்பு மாறி” என்றால் மாறி. ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைக்காத பிள்ளை, “நீரின் கொள்ளளவு அதிகரித்தால் கொதிக்க எடுக்கும் நேரம் அதிகரிக்கும்” என்று முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான். யு.பி.எஸ்.ஆர். தேர்வை நிறுத்துவதாக 2021 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. இப்போது கல்வியாண்டு இறுதித் தேர்வும் வகுப்பறை மதிப்பீடும் இருக்கின்றன. தேர்வு போய்விட்டது, ஆனால் தேர்வுக்காக உருவான வாய்பாடு போகவில்லை. இன்றைக்கும் பல பயிற்சித்தாள்கள் அதே வார்ப்பில்தான் வருகின்றன.

நாமும் எந்த மொழியில் அறிவியல் என்பதற்காகவே அதிகம் வாதாடியிருக்கிறோம். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009 ஜூலையில் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். தமிழில்தான் வேண்டும் என்று போராடியது சரி. ஆனால் தமிழ் கிடைத்த பிறகு அதில் எதைச் சொல்லித்தருகிறோம் என்ற பேச்சு அந்த அளவுக்கு நடக்கவில்லை.

இது சின்ன விஷயமில்லை. 15 வயது மாணவர்களுக்கான பீசா ஆய்வில் மலேசியாவின் அறிவியல் புள்ளி 2018இல் 438. 2022இல் 416. ஓஇசிடி நாடுகளின் சராசரி 485. இடையில் கொவிட் காலம் வந்தது உண்மைதான். ஆனாலும் மனனம் செய்ததை எழுதுவதை அந்த ஆய்வு அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு தரவைக் கொடுத்து இதிலிருந்து என்ன சொல்ல முடியும் என்று கேட்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

கேமரன் மலையில் 100 டிகிரி

இதைப் பொதுவாகப் பேசினால் புரியாது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை வைத்தே பார்ப்போம்.

நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று எல்லாப் பயிற்சியிலும் விடை இருக்கிறது. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. அதனால் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வெப்பமானியைக் கொதிநீரில் வைக்கிறாள். 95 காட்டுகிறது. அட்டவணையில் எதை எழுதுவாள்? பெரும்பாலும் 100 என்றே எழுதுவாள். “வெப்பமானி கெட்டுப்போச்சு டீச்சர்” என்றும் சொல்லலாம். நாமும் “ஆமாம்மா, பழைய வெப்பமானி, 100ன்னு எழுதிக்கோ” என்று கடந்துவிட்டால், அன்றைக்கு அவள் படித்த பாடம் கொதிநிலை பற்றியது ஆகாது. கண்ணால் கண்டதும் புத்தகமும் வேறுபட்டால் கண்ணை நம்பாதே என்ற பாடம் அது.

வெப்பமானி கெட்டதா என்று சோதிக்க வழி இருக்கிறது. உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பார்க்கலாம். பனி உருகும் வெப்பநிலை மலைமேல் ஏறினாலும் மாறுவதில்லை என்றே சொல்லலாம். அங்கே பூஜ்யம் காட்டினால் கருவியைச் சந்தேகிக்கக் காரணம் குறைந்துவிடும். அடுத்து, மலையடிவாரத்தில் தாப்பாவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியோடு பேசி, அவர்களையும் அதே மாதிரி கொதிக்க வைத்து அளக்கச் சொல்லலாம். அங்கே 100ஐ ஒட்டி வரும். கொதிநீரை ஆசிரியர் கையாள வேண்டும். வெப்பமானியைப் படிப்பதும் எழுதுவதும் பிள்ளைகளின் வேலை.

இந்த ஒரு சோதனையில் அளவெடுத்தல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் எல்லாம் வந்துவிடுகின்றன. மலையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது, பிரஷர் குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100ஐத் தாண்டிய பிறகுதான் கொதிக்கிறது. அம்மாவின் சமையலறைக்கு இந்தப் பாடம் நேரே போய்ச் சேரும்.

தேயிலையில் ஒரு சொல்

போ தோட்டம் 1929இல் தொடங்கியது. அந்த மலைச்சரிவில் தலைமுறைகளாகத் தமிழர்கள் கொழுந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி எடை எங்கே போச்சு? ஐந்தாம் ஆண்டுப் பருப்பொருள் பாடத்துக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? ஏதாவது ஓர் இலையை 100 கிராம் நிறுத்து, தினம் காயவைத்து, தினம் நிறுத்து எழுதினால் ஆவியாதல் தானாகவே அட்டவணையில் தெரியும். தராசு ஒன்று போதும்.

தொழிற்சாலையில் வாட்டி, உருட்டிய பிறகு இலை பழுப்பாகும் கட்டத்தை ‘புளிக்க வைப்பது’, ‘நொதித்தல்’ என்று சொல்கிறோம். ஆறாம் ஆண்டில் நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்கவைப்பதைப் படித்த பிள்ளை, தேயிலையிலும் நுண்ணுயிர்தான் வேலை செய்கிறது என்று நினைப்பான். அவன் மேல் தப்பில்லை, சொல் அவனை ஏமாற்றுகிறது. உண்மையில் நசுங்கிய இலையில் உள்ள நொதிப்பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது. வெட்டிவைத்த ஆப்பிளும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வகை மாற்றம்தான். வெட்டிய ஒரு துண்டை அப்படியே வைத்து, இன்னொன்றை வெந்நீரில் முக்கி எடுத்து வைத்தால், முக்கிய துண்டு அவ்வளவாகக் கறுக்காது. சூடு நொதிப்பொருளைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. தொழிற்சாலையில் கடைசியில் சூடான காற்றில் உலர்த்துவதும் அந்த மாற்றத்தை நிறுத்தத்தான். ஒரு சொல் சரியா என்று சோதனை செய்து பார்ப்பது தமிழுக்கும் லாபம், அறிவியலுக்கும் லாபம்.

மண் கலங்கிய ஆறு

ரிங்லெட் ஏரியில் வண்டல் சேர்வது ஊரறிந்த விஷயம். மலைச்சரிவுகளைத் திறந்து போட்டால் மழை மண்ணை அடித்துக்கொண்டு வரும். வண்டல் நிறைந்தால் அணைக்குத் தண்ணீர் தேக்க இடம் குறையும். 2013 அக்டோபர் 23ஆம் தேதி கனமழையில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் வேலியில் வீடுகள் மூழ்கின, உயிர்களும் போயின.

இந்தப் பிள்ளைகளுக்கு ‘இயற்கையைப் பாதுகாப்போம்’ என்று சுவரொட்டி வரையச் சொல்வதோடு நிறுத்திவிடலாமா? சாய்த்து வைத்த இரண்டு தட்டுகள், ஒன்றில் வெறும் மண், ஒன்றில் புல் முளைத்த மண், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிக் கீழே வடிவதைப் பாட்டிலில் பிடித்தால் போதும். ஒரு நாள் தெளியவிட்டு அடியில் தங்கிய மண்ணை அளக்கலாம். இங்கே மாறி என்பது மனனம் செய்யும் சொல் கிடையாது. தன் ஊர் ஆறு ஏன் செம்மண் நிறத்தில் ஓடுகிறது என்பதற்கான விடையின் ஒரு பாதி அது.

“தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டப் பாடமா?”

இந்த எதிர்வாதத்தை மதிக்க வேண்டும். “எங்க பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியே போகணும்னுதான் படிக்க வைக்கிறோம், நீங்க மறுபடியும் தேயிலையையே சொல்லித்தர்றீங்களே” என்று பெற்றோர் கேட்டால் அதில் ஒரு வரலாறே இருக்கிறது. ஆனால் 95 டிகிரியில் தொடங்கும் பாடம் காற்றழுத்தத்துக்குப் போகிறது, வானிலைக்குப் போகிறது, விமானத்துக்குள் ஏன் காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள் என்பதுவரை போகிறது. தோட்டம் தொடங்கும் இடம் மட்டும்தான். அளக்கப் பழகிய பிள்ளை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் போகலாம். வாய்பாடு மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, முதலாம் படிவத்தில் மொழி மாறியதும் கையில் ஒன்றும் இருக்காது.

இன்னொரு வாதம் நேரம். மாணவர் குறைந்த பள்ளிகளில் ஆசிரியர் படும் சிரமம் தெரிந்ததே. அதனால்தான் கூடுதலாக எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரே ஒரு சோதனையை முழுமையாகச் செய்யலாம். அதற்கு ஈடாக அந்தத் தலைப்பின் பயிற்சித்தாள்களில் பாதியை விட்டுவிடலாம். வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளை தானே எழுதிய தரவு அட்டவணைக்கு இடம் கொடுக்கலாம். புத்தகத்தோடு ஒத்துவராத அளவை அடிக்காமல், பக்கத்தில் ‘ஏன்?’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம்.

சங்கத்தின் வளப்பகுதியில் கொதிநிலை அளவுகளுக்கென்று ஓர் அட்டவணையைத் திறந்து வைத்தால், மலையிலும் கடற்கரையிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகள் தங்கள் எண்களை அதில் சேர்க்கலாம். பள்ளியின் பெயர், உயரம், அளந்த வெப்பநிலை என்று மூன்று கட்டம் போதும்.