வாங்குற கை கேள்வி கேட்டால்

‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்று ஒரு பழமொழி. ‘தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே’ என்று இன்னொன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது, வாங்குகிறவரைச் சோதிக்கச் சொல்கிறது. இரண்டாவது, கொடுக்கிறவரைச் சோதிக்காதே என்கிறது. பேரிடர் நிவாரணம் என்ற பெரிய உலகம் இன்றும் இந்த இரண்டு பழமொழிகளில்தான் ஓடுகிறது என்பது என் வாதம்.

நாவலையும் கவிதையையும் விமர்சிக்கிற நாம், நிவாரண அறிக்கைகளைப் பிரதியாக வாசிப்பதே இல்லை. வாசித்தால் முதலில் கண்ணில் படுவது ‘பயனாளி’ என்ற சொல். ‘பயனாளிகளுக்கு அரிசி வழங்கப்பட்டது’, ‘பயனாளிகளுக்குப் படகுகள் வழங்கப்பட்டன’. ஆள் எப்போதும் ‘கு’ உருபோடுதான் வருவார். நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை, இரண்டாவது பகை. கொடுப்பதற்கும் பகைப்பதற்கும் ஒரே உருபு! எழுவாயாக நின்று எதையாவது கேட்கவோ மறுக்கவோ பயனாளிக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, எம்.ஜி.ஆர். திட்டு என்ற பெயர்களை உலகம் அப்போதுதான் கேள்விப்பட்டது. பாதிக்கப்பட்ட நாடுகள் எல்லாவற்றுக்குமாகச் சேர்ந்த உதவி ஏறத்தாழ 1,400 கோடி டாலர். உதவி அமைப்புகளே சேர்ந்து நடத்திய சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. சுனாமியில் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்குச் சுமார் 7,100 டாலர் சேர்ந்தது. அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்கு வெறும் 3 டாலர். தேவையைப் பார்த்துப் போகவில்லை பணம். கேமரா போன இடத்துக்குக் காசு போச்சு, அவ்வளவுதான்.

போன காசு என்ன செய்தது? நல்லதும் செய்தது. நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகமும் சில நாட்களுக்குள் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கி, எந்த ஊருக்கு எது போக வேண்டும் என்று பிரித்து அனுப்பினார்கள். ஆனால் யாரும் கேட்காத பழைய துணிகள் ரோட்டோரம் மலைமலையாய்க் கிடந்ததையும் இந்தக் கடற்கரை பார்த்தது. தார் ஷீட் குடிசைகளில் பகலில் உட்கார முடியாத வெக்கை. கட்டுமரம் போன இடத்தில் ஃபைபர் படகு வந்தது. படகு கூடினாலும் மீன் கூடவில்லை. கிள்ளைப் பக்கம் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. இழந்ததைக் கணக்குக் காட்ட எதுவும் இல்லாதவர் ‘மீனவர்’ பட்டியலில் எப்படி ஏறுவார்?

எங்கள் மங்கலம்பேட்டை கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. சுனாமி எங்களுக்கு டிவிச் செய்திதான். ஆனால் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டி வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. முந்திரிக்கன்று காய்க்கச் சில வருசம் ஆகும். பலாவுக்கு இன்னும் கூட. இதற்கு உலகக் கேமரா வரவில்லை. வந்த நிவாரணமும் பயிருக்கு என்றால் பட்டா பார்த்துத்தான் வந்தது. அடுத்தவர் தோப்பில் கொட்டை பொறுக்கப் போகும் பெண்ணுக்குப் பட்டா ஏது? மரம் விழுந்ததில் அவள் கூலியும் விழுந்தது. அதை எழுத ஒரு படிவத்திலும் கட்டம் இல்லை.

பொறுப்புக்கூறலைப் பற்றி ஆவணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-ல் ஏற்ற நடத்தை விதிகள், பணம் தருகிறவருக்கும் உதவி பெறுகிறவருக்கும் சமமாகப் பதில் சொல்வோம் என்று உறுதி தருகின்றன. நடைமுறையில் கணக்கு மேலே மட்டும்தான் போகிறது: கிராமத்திலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து ஜெனீவாவுக்கு. நம் அரசு போட்ட கடிவாளமும் அதே திசைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம், பணம் டெல்லியில் ஒரே வங்கிக் கிளை வழியாக வர வேண்டும் என்றது. ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு அதைப் பகிர்ந்து தரக் கூடாது என்றது. இதனால் பெரிய நிறுவனத்திடம் பணம் வாங்கி ஊருக்குள் வேலை பார்த்த சின்ன அமைப்பு அடிபட்டது. டெல்லிக்குத் தெரியும் கணக்கு, கிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று அந்தத் திருத்தம் கவலைப்படவில்லை.

வேறு வழி இருக்கிறதா? 1994-ல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தொடங்கிய பொது விசாரணைகளில், வேலைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. தகவல் உரிமைச் சட்டமும் நூறுநாள் வேலையின் சமூகத் தணிக்கையும் வளர்ந்த வேர் அங்கே இருக்கிறது. நிவாரணப் பட்டியலையும் அப்படிப் படிக்கலாமே.

‘ஆபத்து நேரத்துல கூட்டம் போட்டுக்கிட்டு இருக்க முடியுமா?’ என்பார்கள். முதல் வாரம் முடியாது, சரி. ஆனால் வீடு கட்ட இரண்டு வருசம் எடுத்துக்கொண்டவர்களுக்கு நேரம் இல்லையா? இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. ஊர் நடுவே படித்தால் ஊர்ப் பெரியவர்கள்தான் பேசுவார்கள். பெண்களும் சேரியும் இருளர் தெருவும் வாய் திறக்காது. உண்மை. அதனால் ஓரிடத்தில் படித்தால் போதாது. சேரியில் ஒரு தடவை, பெண்களோடு தனியாக ஒரு தடவை என்று படிக்க வேண்டும். அதற்குச் செலவாகும்தான். அந்தச் செலவையும் நிவாரணச் செலவாக எழுதுங்கள்.

திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. இரவு, இரவச்சம் என்று வாங்குகிறவர் பக்கம் நின்று இரண்டு இருக்கின்றன. நம் பள்ளிகள் ஈகையைத்தான் சுவரில் எழுதிவைத்தன.

அடுத்த புயலுக்கு நீங்களும் ஜிபேயில் ஐந்நூறு ரூபாய் அனுப்புவீர்கள். அனுப்புங்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள்: பட்டியலை எழுதியது யார்? அது எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது? பெயர் விட்டுப்போனவர் யாரிடம் போய்ச் சண்டை போடலாம்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், அவர்கள் செய்வதற்குப் பெயர் தானம். நிவாரணம் என்று சொல்லாதீர்கள்.