சான்றும் நிறுவலும்: விக்கிப்பீடியாவில் புதிர்க் கணிதம்

நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர், 1949-ல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் 6174 என்ற எண்ணின் குணத்தை அறிவித்தார். ஏதாவது ஒரு நான்கிலக்க எண். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழிக்க வேண்டும். விடைக்கும் அப்படியே. ஏழு தடவைக்குள் 6174 வந்துவிடும். மாநாடு நடந்த ஆண்டையே போட்டுப் பார்க்கலாம்: 9941-ல் 1499 போக 8442, பிறகு 5994, 5355, 1998, 8082, 8532, ஏழாவதாக 6174.

1955-ல் ‘ஸ்கிரிப்டா மேத்தமாட்டிகா’ என்ற அமெரிக்க இதழ் இதைப் பற்றிய அவருடைய சிறு கட்டுரையை வெளியிட்டது. அவர் எழுதியவற்றில் பல, சொந்தமாக அச்சிட்ட சிறுநூல்கள். 1975 மார்ச்சில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்தியில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் காப்ரேகர் பெயர் உலகெங்கும் பரவியது. விக்கிப்பீடியாவின் இன்றைய விதிகள் அன்று இருந்திருந்தால், அதுவரை 6174-க்குத் தனிக் கட்டுரை கிடைத்திருப்பது கடினம். கண்டுபிடித்தவரே எழுதியது போதாது. தொடர்பில்லாத பிறர் அதைப் பொருட்படுத்தி எழுதியிருக்க வேண்டும்.

புதிர்க் கணிதத்தை இந்த விதி மற்றத் துறைகளைவிட அதிகமாக நெருக்குகிறது. இங்கே உழைப்பவர்களில் பலர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்கள். கண்டதை ஆய்விதழுக்கு அனுப்பாமல் சொந்தத் தளத்தில் போட்டுவிடுகிறவர்கள். அவர்களுக்கு வேறொரு வாசல் உண்டு. நீல் ஸ்லோன் மாணவராக இருந்தபோது 1964-ல் எண் தொடர்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1973-ல் புத்தகமாகி, 1996-ல் இணையத்துக்கு வந்த அந்தத் தொகுப்புதான் முழு எண் தொடர்களின் இணையக் கலைக்களஞ்சியம். புதிய தொடரை யாரும் அனுப்பலாம்; பதிப்பாசிரியர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். ஆனால் அதில் இடம்பெற்றது என்பதற்காக மட்டும் விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை கிடைத்துவிடாது. கிடைக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன்: எந்த எண்ணுக்கும் ஏதோ ஒரு தனிக்குணம் கற்பித்துக்கொண்டே போக முடியும்.

சான்று தேடும் அக்கறையில் இன்னொன்று விடுபடுவதுதான் எனக்கு வருத்தம். மூன்று நூல்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகூட ‘ஏன்’ என்ற கேள்வியைத் தொடாமலே முடிந்துவிடலாம். 6174-க்கு அந்த விடை எளிது. இலக்கங்களை இறங்குவரிசையில் வைத்தபின், முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆலும், நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தலின் விடை வந்துவிடும். 9941-க்கு வித்தியாசங்கள் 8, 5. 7992-உம் 450-உம் சேர்ந்து 8442. ஆக, ஆயிரக்கணக்கான எண்களையும் சோதிக்க வேண்டாம். வித்தியாச இணைகள் மொத்தம் 54-தான். ஒரு தாளில் அடங்கும் அந்த அட்டவணையே முழு நிறுவல். அச்சில் வந்த நிறுவலைச் சுருக்கித் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

196-ன் கதை வேறு. எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டிக்கொண்டே போனால் பெரும்பாலும் விரைவில் ஒரு மாலைமாற்று எண், அதாவது எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் எண், வந்துவிடும். 89-க்கு 24 தடவை ஆகும். 196-ஐ 1990-க்குள்ளாகவே பத்து லட்சம் இலக்கம் வரை கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள், வரவில்லை. வரவே வராது என்று யாரும் நிறுவவும் இல்லை. அதனால் கட்டுரையின் முதல் வாக்கியம் ‘மாலைமாற்று ஆகாத எண்’ என்று தொடங்கினால், எத்தனை சான்று அடுக்கினாலும் அது பிழை. ‘ஆகாது என்று கருதப்படும் எண்’ என்றே எழுத வேண்டும். ஆனால் இரும முறையில் 10110-க்கு அந்தத் தயக்கம் தேவையில்லை; அது ஒருபோதும் ஆகாது என்பதற்கு நிறுவல் இருக்கிறது.