மன்னிப்பு எந்தத் திசையில் பாய்கிறது?

1991 டிசம்பரில் பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக ஓடிவந்தவர்களில் எங்கள் நாகரசம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரும் இருந்தார். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்கள் அவை. டீக்கடையில் நாங்கள் ஒரே குரலில் பேசினோம்: கர்நாடக முதல்வர் பங்காரப்பா தமிழர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கொத்தனார் சொன்னார்: "அவரு கேட்டா என் கரண்டியும் மட்டப்பலகையும் திரும்பி வந்துருமா? ஆனா ஒண்ணு தம்பி, நான் சொல்றது பொய்யில்லேன்னு அப்பத்தான் நாலு பேரு நம்புவான்."

அந்த வாக்கியத்தின் கனம் அப்போது எனக்குப் பிடிபடவில்லை. ஆறே மாதத்தில் அதற்கான சோதனை வந்தது. நான் தோற்றேன்.

1992 ஜூன் 20. அரூர் வட்டத்து வாச்சாத்தி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அன்று வாச்சாத்தியும் நாகரசம்பட்டியும் ஒரே தர்மபுரி மாவட்டம். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, பெண்களும் குழந்தைகளும் சிறைக்குப் போனார்கள். அரசுத் தரப்பு சொன்ன கதை சந்தனக்கட்டைக் கடத்தல். அதே டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்தபடி "கட்டை கடத்துனவங்கதானே, சும்மா விடுவாங்களா?" என்றார். நான் மறுக்கவில்லை. கன்னட அரசு செய்தால் கொடுமை, நம் அரசு செய்தால் 'நடவடிக்கை' என்கிற இந்த அகராதியை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எனக்குள்ளேயே இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது.

பழைய கொடுமைகளுக்கு ஆட்சியாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்கிற கேள்வியை நான் இந்தக் கூச்சத்திலிருந்துதான் அணுக வேண்டியிருக்கிறது.

முதலில், மன்னிப்பு என்கிற சொல்லாடல் நம் சமூகத்தில் எப்படி இயங்குகிறது? அது கீழிருந்து மேலே மட்டுமே போகும். ஊர்ப் பஞ்சாயத்தில் தெண்டம் கட்டிக் காலில் விழுபவன் யார், விழுந்ததை ஏற்றுக்கொள்பவன் யார் என்று தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாலுகா ஆபீசில் மனு எழுதுகிறவர் 'பிழை இருப்பின் ஐயா மன்னிக்கவும்' என்றுதான் முடிக்கிறார். வாச்சாத்தி நடந்த காலம், அமைச்சர்கள் முதலமைச்சரின் காலில் விழுவதே அரசியல் மொழியாகிவிட்ட காலம். அந்த முதலமைச்சர் எங்கள் பக்கத்துப் பர்கூரில் ஜெயித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட மண்ணில் அரசு ஒரு பழங்குடிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது மரியாதைச் சமாச்சாரம் அல்ல. அதிகாரம் பாயும் திசையையே ஒருமுறை திருப்புவது. அதிகாரம் இவ்வளவு தயங்குவதும் அதனால்தான்.

தயங்கும் அதிகாரத்துக்கு இலக்கணம் கைகொடுக்கிறது. 'அசம்பாவிதம் நடந்துவிட்டது', 'துரதிருஷ்டவசமானது', 'வருந்துகிறோம்'. இந்த வாக்கியங்களில் எழுவாயைத் தேடிப்பாருங்கள், கிடைக்காது. அடித்தவன் இல்லை, அடி மட்டும் இருக்கிறது. ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூற்றாண்டில், 2019இல், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே ஆழ்ந்த வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார். வருத்தம் மழை பொய்த்தாலும் வரும். மன்னிப்புக்குத்தான் 'நாங்கள் செய்தோம்' என்கிற எழுவாய் வேண்டும்.

"செய்தவர்கள் வேறு, இன்று ஆள்பவர்கள் வேறு" என்பது அடுத்த வாதம். நியாயம் போலத் தெரிகிறது. ஆனால் அரசு பழைய பட்டாவைச் செல்லாது என்கிறதா? முந்தைய ஆட்சி வாங்கிய கடனை அடைக்க மாட்டேன் என்கிறதா? காட்டின் மீது வெள்ளைக்காரன் எழுதிவைத்த உரிமையை அப்படியே சுவீகரித்துக்கொண்ட அரசு, குற்றம் என்று வந்தால் மட்டும் நேற்றுப் பிறந்த குழந்தையாகிவிடுகிறது. சொத்துக்கு வாரிசு என்றால் பழிக்கும் வாரிசுதான்.

"வெறும் வார்த்தை எதற்கு? தண்டனை கொடு, நஷ்ட ஈடு கொடு" என்று சில தோழர்கள் சொல்வார்கள். இதை நான் மதிக்கிறேன். வாச்சாத்திக்குத் தண்டனையும் வந்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடி, 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டு, 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். 31 வருஷம். ஆனால் நீதிமன்றம் தண்டிப்பது ஆட்களைத்தான். அந்த ஆட்களை அனுப்பிய, பிறகு அவர்களுக்காகப் பொய் சொன்ன நிறுவனம் கூண்டில் ஏறுவதில்லை. அந்தப் பொய்யை அது தன் வாயாலேயே திரும்பப் பெற வேண்டும். கொத்தனார் சொன்னது இதைத்தான்.

மன்னிப்பும் ஓட்டுக்கான நாடகமாகலாம் என்பதை மறுக்கவில்லை. 1983 ஜூலைக்காகச் சந்திரிகா 2004இல் மன்னிப்புக் கேட்டார்; அதற்குப் பிறகு முள்ளிவாய்க்காலும் வந்தது. ஆகவே எங்கே, எப்படிக் கேட்பது என்பது முக்கியமாகிறது. கோமகட்டா மாரு கப்பலை 1914இல் திருப்பியனுப்பியதற்காகக் கனடா பிரதமர் ஹார்ப்பர் 2008இல் ஒரு பூங்கா மேடையில் மன்னிப்புக் கேட்டார். கூடியிருந்த சீக்கியர்கள் செல்லாது என்றார்கள்: நாடாளுமன்றத்தில் கேள், பதிவேட்டில் ஏறட்டும். 2016இல் ட்ரூடோ அங்கேதான் கேட்டார். திருவிழா மைக்கில் சொன்னது காற்றோடு போகும்; அவைக் குறிப்பில் ஏறியதை அடுத்த ஆட்சி அழிக்க முடியாது.

எனவே வாச்சாத்திக்கான மன்னிப்பு சட்டமன்றத்தில், எழுவாயோடு, துறைகளின் பெயரோடு, 'கடத்தல்காரர்கள் என்று உங்களைச் சொன்னது பொய்' என்கிற வாக்கியத்தோடு இருக்க வேண்டும். மன்னிப்பதும் மறுப்பதும் அந்தப் பெண்களின் உரிமை. மன்னித்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கிற மன்னிப்பு இன்னொரு வன்முறை.

அரசுக்கு இவ்வளவும் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட முடியாது. பங்காரப்பாவிடம் மன்னிப்புக் கேட்ட அந்த டீக்கடை வாச்சாத்திக்கு வாய் திறக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவன் நான். நம்பாமல் இருந்ததற்கு என் மன்னிப்பை இங்கே அச்சில் வைக்கிறேன். எழுவாய்: நான்.