கிரேக்க வீட்டு முகப்பில் தூண் இருந்ததா?

வாசலில் வரிசைத் தூண், மேலே முக்கோண முகப்பு. இப்படி ஒரு பழைய மாளிகையை நம் கொல்கத்தாவில் பார்த்தால் உடனே "கிரேக்க வீட்டுப் பாணி" என்று சொல்லிவிடுகிறார்கள். விவரம் தெரிந்து எழுதுகிறவர்களும் இதையே எழுதுகிறார்கள். அது கிரேக்கக் கோவிலின் முகம், வீட்டின் முகம் அல்ல என்பது என் கட்சி.

வீட்டைப் பார்க்க வட கிரீஸில் உள்ள ஒலிந்தோஸுக்குப் போக வேண்டும். கி.மு. 348இல் மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் அழித்த ஊர் அது. பிறகு அங்கே பெரிய ஊர் எழும்பாததால் வீடுகள் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. (ஓர் ஊரின் அழிவை நமக்கு லாபம் என்று எழுதக் கை கூசுகிறது.) 1928க்கும் 1938க்கும் இடையில் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ராபின்சன் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைத் தோண்டி வெளிக்கொணர்ந்தார்.

ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய 17 மீட்டர் சதுரம். பளிங்கெல்லாம் கிடையாது, கல் அடித்தளத்தின் மேல் சுடாத செங்கல் சுவர். திருடன் கதவை உடைக்க வேண்டாம், சுவரைக் குடைந்தால் போதும். கிரேக்க மொழியில் அவனுக்குப் பெயரே 'சுவர் தோண்டுகிறவன்' என்பதுதான். நம்ம ஊர்க் கன்னக்கோல் திருடனேதான்! உள்ளே முற்றம், அதற்கு வடக்கே மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், அதன் பின்னே அறைகள். எல்லாம் தெற்குப் பார்த்தவை. ஆகவே குளிர்கால வெயில் உள்ளே வரும், கோடையின் உச்சி வெயிலைக் கூரை தடுக்கும். வீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சாக்ரடீஸ் சொன்னதாக செனபோன் எழுதிவைத்திருக்கிறார். விருந்தாளிகள் உட்காரும் ஆண்கள் அறையில் சில வீடுகளில் கூழாங்கல் பதித்த சித்திரத் தளம். ஆடம்பரம் அவ்வளவும் உள்ளே. தெருவுக்குக் காட்ட ஒன்றுமில்லை. சிலர் தெருவோர அறையைக் கடையாக்கியிருக்கிறார்கள். கடைக்காரனான எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கி.மு. 166க்குப் பின் டீலோஸ் தீவு சுங்கமில்லாத் துறைமுகமாகிப் பணம் புரண்டது. அங்கே வசதி படைத்தவர் வீட்டு முற்றத்தைச் சுற்றிப் பளிங்குத் தூண் நிறுத்தினார்கள். அங்கும் தூண் உள்ளேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கிரேக்கரின் இந்தத் தூண்முற்றத்தை இத்தாலியர் தங்கள் வீட்டின் பின்கட்டில் வைத்துக்கொண்டார்கள். பொம்பெயியில் இன்றைக்கும் பார்க்கலாம். கிரேக்க வீடு பின்னோருக்குத் தந்தது இதுதான்.

அப்போ முகப்புத் தூண்? அது பல்லாடியோவின் வேலை. கோவில் முகப்பே பழைய வீட்டிலிருந்து போனதுதான் என்று அவர் ஊகித்து, 1570இல் வெளியிட்ட நூலில் எழுதினார். விசென்ஸா அருகே ரொட்டொண்டா மாளிகைக்கு நாலு பக்கமும் கோவில் முகப்பு வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; ஒலிந்தோஸ் அப்போது மண்ணுக்குள் இருந்தது. ராபின்சனுக்குப் பிறகும் அதையே எழுதுகிறவர்களைத்தான் சொல்கிறேன். அந்தப் பாணி இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கிருந்த கெடில்ஸ்டன் மாளிகையை மாதிரியாக வைத்து 1803இல் இங்கே கவர்னர் மாளிகை எழுந்தது.

முற்றம் என்றாலே கிரேக்கர் கொடுத்தது என்று எழுதுவது இன்னொரு தப்பு. 1835இல் ராஜேந்திர மல்லிக் கட்டிய மார்பிள் பேலஸில் கொரிந்தியத் தூணும் உண்டு, திறந்த முற்றமும் உண்டு. தூண் ஐரோப்பா வழியாக வந்த சரக்கு. முற்றம் வங்காள வீட்டின் சொந்தச் சொத்து. அதைக் கிரேக்கர் கணக்கில் வரவு வைக்க முடியாது. மொகஞ்சதாரோவில் முற்றம் வைத்த வீடுகள் ஒலிந்தோஸுக்கு ஏறக்குறைய 2000 ஆண்டு மூத்தவை.