கூனி வறுபடும் வாசம்

மட்டக்களப்பு வாவிக்கரைச் சமையலறைகளில் எனக்கு மிகப் பிடித்தது, எண்ணெய் விடாத தாச்சியில் கூனி இறால் வறுபடும் வாசம். காய்ந்த கூனி கையில் சருகு மாதிரி, பாரமே இல்லை. அடுப்பை மெல்ல எரியவிட்டு அகப்பையால் ஓயாமல் கிண்டினால், முதலில் உப்பும் வெடுக்கும்தான் மூக்கில் ஏறும். பொறுத்திருந்தால் சத்தம் மாறும். ஈரம் போனதும் கூனி கலகலக்கத் தொடங்கும். அப்போதுதான் வெடுக்கு அடங்கி, பசியைக் கிளப்பும் வறுவல் மணம் எழும்பும்.

அந்த மணத்தில் பெரும்பங்கு நைதரசனுக்கும் கந்தகத்துக்கும் உரியது. சூட்டில் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் கூடிச் சிதைய, இரண்டு நைதரசன் அணுக்களைக் கொண்ட பைரசீன் வளையங்கள் பிறக்கின்றன. கந்தகமும் நைதரசனும் ஒரே வளையத்தில் அமர்ந்தால் தயசோல் போன்றவை. கந்தகமும் நைதரசனும் சேர்ந்த ஐந்தணு வளையமொன்று பெனிசிலினுக்குள்ளும் இருக்கிறது. இப்படியான வளையங்களை விரும்பியபடி கட்டியெடுக்க ஆய்வுகூடங்களில் கரைப்பானும் ஊக்கியும் வெப்பமானியும் வேண்டும். தாச்சியடியில் நிற்பவருக்குக் காதும் மூக்கும் போதும். ஒரு நிமிடம் முந்தினால் வெடுக்கு மிஞ்சும். பிந்தினால் கரிந்து கைக்கும். சரியான நேரத்தில் இறக்கி, செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ, கண்ணைக் கரிக்க நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்து இடித்து, தேசிக்காய்ப் புளி விட்டால் சம்பல் தயார். வெங்காயம் கண்ணைக் கரிப்பதும் கந்தகச் சேர்வையொன்றால்தான். சுடுசோற்றோடு அந்தச் சம்பலை ஒரு வாய் சாப்பிட்டவருக்கு, நல்ல வேதியியல் எவ்வளவு ருசியானது என்று எவரும் விளக்கத் தேவையில்லை.