ஒலியொப்புமையும் சொல்லுறவும்

இரு மொழிச் சொற்கள் செவிக்கு ஒத்தனவாய்த் தோன்றியவிடத்து அவற்றுக்கு உறவு கூறிவிடுதல் எளிது. அவ்வுறவுக்குச் சான்று காட்டுதலே அரிது. தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு கூறுவார் தம் கூற்றுக்களும் இவ்வளவைக்கு உட்பட்டனவே. அவற்றை ஆராய்தற்கு வேண்டிய சான்றுகளுட் சில யாழ்ப்பாணத்துத் தீவகத்திலேயே கிடைத்தல் குறிப்பிடத்தக்கது.

யாழ்ப்பாணத்தார் ‘பாண்’ என்று உண்பதனை யப்பானியர் ‘பன்’ என்பர். தமிழிற் ‘பொத்தான்’ எனப்படுவது அவர் மொழியிற் ‘பொத்தன்’ ஆகும். ஒலியும் பொருளும் இத்துணை ஒத்திருப்பினும் இவை இனவுறவுக்குச் சான்றாகா. இரண்டும் போர்த்துக்கேயர் கப்பலில் வந்திறங்கிய சொற்கள். அவர் 1543 இல் யப்பானை அடைந்தனர்; 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். ஊர்காவற்றுறைக்கு வழங்கும் ‘கயிற்ஸ்’ என்னும் பெயரும் இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிற் பிறந்ததே. யேசு சபையார் 1603 இல் நாகசாக்கியில் யப்பானிய–போர்த்துக்கேய அகராதியை வெளியிட்டனர். அச்சபையைச் சார்ந்த புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679 இல் அச்சேறியது. பின்னதனை 1966 இல் மீளப் பதிப்பித்தவர், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்த தனிநாயக அடிகள் ஆவர். சொல் வந்த வழியையும் காலத்தையும் காட்டவல்லன இத்தகைய ஏடுகளே.

இதற்கு மறுதலையான சான்றினை நயினாதீவு தருகின்றது. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்பது அறிஞர் சிலர் கருத்து. அமுதசுரபி ஒரு பாத்திரம். ‘பாத்திரம்’ என்னும் அவ்வடசொல் பௌத்தத் துறவியரோடு சீனஞ் சென்று, ஆங்குக் குறுகி, யப்பானில் ‘ஹச்சி’ என வழங்கலாயிற்று. எனவே, ஒலி ஒத்தவிடத்து இனவுறவு இல்லை. ஒலி ஒவ்வாதவிடத்துச் சொல் ஒன்றாயிருக்கின்றது. செவியை மட்டும் நம்புவார் ஈரிடத்தும் பிழைபடுவர்.

போர்க்கலைச் சொற்களிலும் இம்மயக்கம் நேரக்கூடும். ‘கராத்தே’ என்பதிற் ‘கரம்’ என்னுஞ் சொல்லைக் காண்பார் ஏமாறுவர். அதன்கண் கையைக் குறிப்பது ஈற்றிலுள்ள ‘தே’ என்பதே. ‘கர’ என்பது வெறுமை. முன்னாளிற் சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்ட அம்முற்பகுதி, 1930 களிலேயே வெறுமையைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்படும் வழக்கு நிலைபெற்றது. கேளிக்கையாகிய ‘கரோக்கே’யில் உள்ளதும் இவ்வெறுமையே, பாடுவோர் குரலின்றி இசை மட்டும் ஒலிப்பதால் அப்பெயர் பெற்றது. இனி, காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்பதனை 2011 இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் பரப்பிற்று. ஆயின், உடற்பயிற்சி முறையொன்றை அவர்பால் ஏற்றிக் கூறும் சீன நூல் 17 ஆம் நூற்றாண்டினது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகட்கு மேற் பிற்பட்டது. திரைப்படம் மகிழ்விக்கலாம், வரலாற்றுக்குச் சான்றாகாது.

பேராசிரியர் சுசுமு ஓனோவின் கொள்கை இவற்றினின்றும் வேறுபட்டது. அவர் 1980 இல் தமிழ்–யப்பானிய ஒலியிசைவுகள் பற்றிய நூலை வெளியிட்டார். சொற்களை முறைப்படி நிரல்படுத்தியதோடு இலக்கணத்தையும் ஒப்பிட்டார்; தைப்பொங்கலை யப்பானியர் சனவரி 15 ஆம் நாட் சடங்குகளோடு வைத்து நோக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அறிஞரான அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவ்வாய்வில் அவருக்குத் துணைநின்றனர். எனினும் மொழியியலாருட் பெரும்பாலார் அவர் முடிபை ஏற்றிலர். ஒலியிசைவு விதிகள் நெகிழ்வுடையன என்பதும், அச்சொற்கள் கடல்கடந்த வழி புலப்படவில்லை என்பதும் அவர்தம் தடைகள். அத்தடைகள் வலியன. ஆயினும், பிறர் சோதித்து மறுக்கத்தக்க வடிவில் தம் கொள்கையை வைத்தமை ஓனோவின் சிறப்பு. அவரைப் போற்றுவாருட் பலர் அச்சோதனையை மேற்கொள்ளாது முடிபை மட்டும் எடுத்தாளுகின்றனர்.

தமிழின் பெருமை பிறமொழியின் தாயெனப் பெயர் பெறுதலில் தங்கியதன்று. சான்றற்ற உரிமைகூறல், சான்றுள்ள பெருமைகளையும் பிறர் ஐயுறச் செய்யும். ஆதலின் மாணாக்கர் ஒரு சொல்லைக் கண்டவிடத்து, ‘இது எதனை ஒக்கும்?’ என்பதோடமையாது, ‘இது எவ்வழி வந்தது?’ என்றும் வினவப் பழகுதல் வேண்டும்.