கைபட்ட கோப்பின் இடம்

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த கோப்பு ஐந்தே வரிதான். /எட்ஸி/க்ரப்.டி அடைவுக்குள் 40_கஸ்டம் என்ற பெயரில் இருக்கிறது. கணினியை ஆன் செய்ததும் எந்த இயங்குதளத்தை எழுப்பட்டும் என்று கேட்கிற க்ரப் மெனுவில் நாமாக ஒரு தேர்வைச் சேர்க்க வேண்டுமானால் இதில்தான் எழுதுவோம். முதல் வரி, இது ஷெல் ஸ்கிரிப்ட் என்று அறிவிக்கிறது. இரண்டாம் வரி டெயில் கட்டளையை அழைத்து, இதே கோப்பை மூன்றாம் வரியிலிருந்து அப்படியே வெளியிடச் சொல்கிறது. மற்ற மூன்றும் குறிப்பு வரிகள்: உங்கள் மெனு விவரங்களை இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள், மேலே இருக்கும் டெயில் வரியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இதை எழுதியவரின் கைத்திறனைக் கவனியுங்கள். மெனுவை உருவாக்கும்போது க்ரப் இந்த அடைவிலுள்ள ஸ்கிரிப்டுகளை எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக ஓட்டி, அவை வெளியிடுவதையெல்லாம் சேர்த்து ஒரே கோப்பாக்குகிறது. ஆகவே இங்கே வைக்கப்படுவது ஸ்கிரிப்டாக இருந்தே தீர வேண்டும். ஆனால் திருத்த வருபவருக்கு ஷெல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் வரியில் 'எக்ஸெக்' என்று இருப்பதால் ஷெல் தன் இடத்தை டெயிலுக்குக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள எதையும் அது படிப்பதே இல்லை. மேற்கோள் குறி, டாலர் குறி எதற்கும் பயப்பட வேண்டாம். அந்த மூன்று குறிப்பு வரிகளும் மெனுக் கோப்பில் போய் விழும். க்ரப்பிலும் # என்றால் குறிப்புதான் என்பதால் ஒன்றும் கெடாது. சேர்த்ததைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்க வேண்டுமா? கோப்பின் இயங்கும் அனுமதியை எடுத்துவிட்டால் போதும், க்ரப் அதைத் தாண்டிப் போய்விடும்.

சரி, ஓடக்கூடிய ஒன்று எட்ஸிக்குள் என்ன செய்கிறது? எட்ஸி என்பது அமைப்பு விவரங்களின் இடம் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். பழைய யூனிக்ஸில் இனிட், மவுண்ட் போன்ற நிரல்களே எட்ஸியில் இருந்தன. லினக்ஸ் அந்த வழக்கத்தை விட்டது. 1994 பிப்ரவரியில் முதல் வடிவம் கண்டு, 2015இல் 3.0 ஆக வெளிவந்த கோப்பு முறைமைத் தரநிலை, எட்ஸியில் பைனரி நிரல் எதுவும் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. ஸ்கிரிப்ட் பைனரி அல்ல என்று வாதாடித் தப்பித்துக்கொள்ளலாம். அதைவிட நேர்மையான பதிலை டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் கொள்கைக் கையேடு தருகிறது: அமைப்பு விவரத்தைத் தன்னுள்ளேயே சுமக்கும் ஸ்கிரிப்ட் நடைமுறையில் அமைப்புக் கோப்புதான், அப்படியே அதை நடத்த வேண்டும். கோப்பு ஓடுமா ஓடாதா என்று அந்தக் கையேடு பார்க்கவில்லை. நிர்வாகி அதைத் திருத்துவாரா என்று பார்க்கிறது. இந்தத் துறையில் நான் படித்த தீர்ப்புகளில் தெளிவானது இது.

அப்படி நடத்துவதால் என்ன கிடைக்கிறது என்பது அப்டேட் நாளில்தான் தெரியும். /யூஎஸ்ஆர்/பின் அடைவில் ஒரு ஸ்கிரிப்டைத் திருத்தி வைத்தால், அடுத்த அப்டேட்டில் கேட்காமல் கொள்ளாமல் அழிந்துபோகும். எட்ஸியில் அமைப்புக் கோப்பாகப் பதிவான ஸ்கிரிப்ட் என்றால் டெபியனின் பேக்கேஜ் நிறுவியான டிபேக்கேஜ் அதன் பழைய சரிபார்ப்புத் தொகையை நினைவில் வைத்திருக்கிறது. நாம் கைவைக்கவில்லை என்றால் புதியதைச் சத்தமில்லாமல் வைத்துவிடும். நாம் மட்டும் மாற்றியிருந்து பேக்கேஜ் மாற்றவில்லை என்றால் நம்முடையது அப்படியே இருக்கும். இருவரும் மாற்றியிருந்தால் மட்டும் நிறுத்திக் கேட்கும். பதில் சொல்லாமல் என்டரைத் தட்டினால் நம்முடையதே நிற்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அந்தக் கோப்பை நாம் அழித்துவிட்டிருந்தால், அழித்ததையும் ஒரு திருத்தமாக மதித்து டிபேக்கேஜ் அதை மறுபடி கொண்டுவந்து வைப்பதில்லை.

நாம் வேண்டாம் என்று சொன்ன பதிப்பு .டிபேக்கேஜ்-டிஸ்ட் என்ற வாலோடும், நாம் கைவிட்ட பழையது .டிபேக்கேஜ்-ஓல்ட் என்ற வாலோடும் பக்கத்திலேயே கிடக்கும். இங்கேதான் ஒரு ஆபத்து. ஓர் அடைவில் இருப்பதையெல்லாம் வரிசையாக ஓட்டும் நிரல் இந்த மிச்சங்களையும் ஓட்டினால்? தினமும் ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கான /எட்ஸி/கிரான்.டெய்லி அடைவைப் பாருங்கள். அதை ஓட்டும் ரன்-பார்ட்ஸ், எழுத்து, எண், அடிக்கோடு, இடைக்கோடு ஆகியவை மட்டுமே உள்ள பெயர்களைத்தான் ஏற்கும். பெயரில் புள்ளி இருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிவிடும். 'பேக்கப்.எஸ்எச்' என்று பெயர் வைத்து ஸ்கிரிப்டைப் போட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்ட நிர்வாகிகள் எத்தனையோ பேர். வீம்புக்கு வைத்த விதி போலத் தெரியும். ஆனால் வால் முளைத்த மிச்சக் கோப்பு எதுவும் ரூட் அதிகாரத்தோடு ஓடிவிடாமல் தடுப்பது இந்த விதிதான்.

இதையே /எட்ஸி/ப்ரொஃபைல்.டி அடைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தனி இன்பம். அங்கே விதி நேரெதிர்: பெயர் .எஸ்எச் என்று முடிந்தால்தான் படிக்கப்படும். வால் ஒட்டிய மிச்சம் .எஸ்எச் என்று முடியாது, எனவே அதுவும் ஒதுங்கிவிடுகிறது.

நாம் பெயர் சொல்லி அழைக்கும் ஸ்கிரிப்டுகளின் கதை வேறு. வட்டு நிரம்பிவிட்டதா என்று பார்க்க, பழைய பதிவுகளை ஒதுக்க என்று நாமே எழுதி, நாமே தட்டச்சு செய்து ஓட்டுபவை எட்ஸியில் இருக்க வேண்டியவை அல்ல. அவற்றின் இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல். எல்லோரும் ஓட்டலாம் என்றால் அதற்குள் பின். ரூட் மட்டும் என்றால் எஸ்பின். டெபியன் பேக்கேஜ் எதுவும் இங்கே ஒரு கோப்பைக்கூட வைக்கக் கூடாது என்பது கட்டாய விதி. காலி அடைவுகளை உருவாக்கலாம், அவ்வளவே. கட்டளைகளைத் தேடும் பாதையிலும் லோக்கலுக்குத்தான் முதல் இடம். அதனால் விநியோகம் தந்த கட்டளையின் பெயரிலேயே நாம் ஒன்றை எழுதி வைத்தாலும் நம்முடையதே ஓடும், அவர்களுடையது கீறல் படாமல் இருக்கும். ஒரு எச்சரிக்கை: குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில், பயனரின் பட்டியல் இயல்பாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டை மட்டுமே தேடும். அங்கிருந்து லோக்கல் ஸ்கிரிப்டை அழைப்பதானால் முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

ஆக, ஒரு ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று யோசிக்கும்போது, இதை அழைக்கப்போவது யார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். மனிதர் என்றால் லோக்கல். வேறொரு நிரல், ஒரு குறிப்பிட்ட தருணத்தில் என்றால், அந்த நிரல் எட்ஸியில் திறந்துவைத்திருக்கும் '.டி' அடைவு. நெட்வொர்க் இணைந்ததும் ஓட வேண்டியவற்றுக்கு நெட்வொர்க்மேனேஜர் டிஸ்பேச்சர்.டி என்று ஒன்று வைத்திருக்கிறது. அங்கே உரிமையாளர் ரூட்டாக இல்லாவிட்டாலோ, குழுவினரோ மற்றவர்களோ எழுதும்படி அனுமதி திறந்திருந்தாலோ அது அந்த ஸ்கிரிப்டை ஓட்ட மறுத்துவிடும். சரியான கண்டிப்பு.

க்ரப்பில் எனக்கு ஒரு குறையும் உண்டு. 40_கஸ்டமுக்குப் பக்கத்திலேயே 10_லினக்ஸ் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகள், முழுக்க முழுக்க நிரல் தர்க்கம். நிர்வாகி திருத்துவதற்கென்று அதில் எதுவும் இல்லை. திருத்த வேண்டியவை /எட்ஸி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் ஏற்கெனவே தனியாக இருக்கின்றன. அந்த ஸ்கிரிப்ட் /யூஎஸ்ஆர்/லிப் அடைவில் இருந்திருக்க வேண்டும். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வும் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியும் இதைச் சரியாகப் பிரித்தன. விநியோகம் தருவது /யூஎஸ்ஆர்/லிப் அடைவில். அதே பெயரில் நாம் எட்ஸியில் ஒன்று வைத்தால் நம்முடையது வெல்லும். அதே பெயரில் /டெவ்/நல்லுக்கு ஒரு இணைப்பு வைத்தால் அவர்களுடையது வாய்மூடிவிடும்.

ஃபெடோரா சில்வர்ப்ளூ என்ற விநியோகம் இந்தப் பிரிவினையை அதன் எல்லைவரை கொண்டுபோயிருக்கிறது. அதில் /யூஎஸ்ஆர் முழுவதும் படிக்க மட்டுமே. ரூட்டாலும் சாதாரணமாக எழுத முடியாது. /யூஎஸ்ஆர்/லோக்கல் மட்டும் /வார் அடைவுக்குள் இருக்கும் ஓர் இடத்துக்கு இணைப்பாகிறது, அங்கே எழுதலாம். எட்ஸியின் மூலப் பிரதி /யூஎஸ்ஆர்/எட்ஸியில் பத்திரமாக இருக்கிறது. அதனால் அதன் அடித்தளமான ஓஎஸ்ட்ரீயின் ஒரே கட்டளையில், எட்ஸியில் யாரோ மாற்றியவை, சேர்த்தவை, நீக்கியவை மூன்றும் பட்டியலாக வந்து நிற்கும். வேறொருவர் பராமரித்த சர்வரை ஏற்றுக்கொள்ளும்போது இதைவிடப் பெரிய உதவி இல்லை. டெபியனில் டெப்சம்ஸ் என்ற சிறு பேக்கேஜைப் போட்டுக்கொண்டால் மாற்றப்பட்ட அமைப்புக் கோப்புகளைக் காட்டும். ஆனால் புதிதாகச் சேர்த்தவை எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லாததால் அதன் கண்ணில் படாது. அவற்றையும் பிடிக்க, எட்ஸியை முழுவதுமாகப் பதிப்புகளைக் காக்கும் கிட் நிரலில் வைத்து, ஒவ்வொரு அப்டேட்டின்போதும் தானே பதிந்துகொள்ளும் எட்ஸிகீப்பர் வேண்டும். ஜோயி ஹெஸ் எழுதியது. சர்வர் நிறுவிய முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு போட்டால், அதற்கு முன் யார் எதைத் தொட்டார்கள் என்பதை அதனால் சொல்ல முடியாது.